சீட்டில் யாரும் இல்லை

டிராக்டர் வாங்கியே தீருவது என்று என் வீட்டுக்காரர் முடிவெடுத்தது ஒரு தென்னை மரத்தால். உழவுக்கு வாடகைக்கு வந்த பெரிய டிராக்டர் தோட்டத்துக்குள் திரும்ப இடமில்லாமல், பின்சக்கரத்தைக் கிணற்று மேட்டு மரத்தின் மேல் ஏற்றி, முழ நீளத்துக்குப் பட்டையை உரித்துவிட்டது. ஓட்டி வந்தவன் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தென்னைக்குள்ள பெரிய வண்டிய விட்டா இப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டான். நான் அவனை வண்டித்தடம் முடியும் வரை திட்டிக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் மரத்தடியில் நின்று காயத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகும் ரோட்டில் இறங்கி, வண்டித்தடத்தில் ஒரு மைல் உள்ளே நடந்தால் எங்கள் வீடு. வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கர் தென்னை, இரண்டு பசு, ஒரு கிணறு. பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்தால் எல்லாக் கண்மாயும் நிரம்பிய பிறகுதான் எங்கள் கண்மாய்க்கு வரும். வீட்டுக்கு எது வேண்டுமென்றாலும் சுமந்துதான் வர வேண்டும். மாட்டுக்குத் தவிடு, அடுப்புக்கு விறகு, கோடையில் குடிக்கிற தண்ணீர். வெட்டிய தேங்காயை ரோட்டுக்குக் கொண்டு போவது அதைவிடப் பெரிய பாடு. பதினேழு வருடம் அவர் பட்டாளத்தில் இருந்தபோது இது அத்தனையும் நான் சுமந்தவைதான். மகள் ராஜபாளையத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பென்ஷனோடு அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு முதுகில் ஒரு வலி நிரந்தரமாகக் குடிவந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் டிராக்டர் என்ற பேச்சையே எடுத்தார். தென்னை மரம் ஒரு சாக்கு. இதை அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அவர் பட்டாளத்தில் ஸ்டோரில் இருந்தவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் வாங்க மாட்டார். மூன்று மாதம் தோட்டத்தை நடந்து நடந்து அளந்தார். மரத்துக்கு மரம் எத்தனை அடி, வரப்பு எவ்வளவு அகலம், தொழுவத்துக்குப் பக்கத்தில் வண்டி திரும்புமா என்று சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து வைத்துக்கொண்டார். கையால் தள்ளிப் போகிற பவர் டில்லர் வாங்கலாமென்று சிலர் சொன்னார்கள். அதை ஒரு நாள் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி கை நடுங்கிச் சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்தார். "இது ஆளை உழுதுருது" என்று அதோடு விட்டுவிட்டார். வேண்டியது உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி, ஆனால் மரத்துக்கு நடுவே நுழைகிற வண்டி.

அப்படி ஒன்று ராஜபாளையத்தில், மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்த ஒரு வீட்டில் விற்பனைக்கு இருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். தெலுங்கு பேசுகிற வீடு. கேட்டுக்குள் ஒரு வெள்ளை நாய் எங்களைப் பார்த்துக் குலைக்காமல் நின்றது. குலைக்கிற நாயைவிட அதற்குத்தான் பயந்தேன். வீட்டுப் பெரியவர் எங்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மாமரத்தடியில் சாக்கு போர்த்தி நின்றது அந்த வண்டி. சாக்கை இழுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிராக்டர் என்று சொல்லிவிட்டு அதன் பிள்ளையைக் காட்டுகிறார்களே என்று கேட்டேன். அவரும் சிரித்தார். "மஞ்சி பண்டிம்மா, நல்ல வண்டி. சின்னது, ஆனா சொன்ன பேச்சக் கேக்கும்."

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றிவந்து, குனிந்து, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். சணல் கயிற்றை எடுத்து அகலத்தை அளந்தார். புகை என்ன நிறத்தில் வருகிறது என்று அவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும், அதனால் என்னை ஏறி உட்காரச் சொன்னார். "நானா?" என்றேன். "நீதான். நாளைக்கு நான் காய்ச்சல்ல கெடந்தா யாரு ஓட்டுவா?" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். பெரியவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். இடது காலுக்குக் கீழே கிளட்ச். அதை மிதித்திருக்கும் வரை வண்டி நிற்கும், காலை எடுத்தால் கிளம்பும். "செத்த வெடுக்குன்னு பிடிக்கும்மா, மெதுவா எடுக்கணும்" என்றார். நான் மெதுவாகத்தான் எடுத்தேன். ஆனாலும் வண்டி துள்ளி, மாமரத்தை நோக்கி இரண்டு முழம் பாய்ந்தது. காலை மறுபடி அழுத்தி நிறுத்திவிட்டேன். பெரியவர் முகம் வெளுத்திருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் கைதட்டினார். "பாத்தியளா, நிப்பாட்டிட்டா!" கல்யாணமாகி அத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து அவர் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

வாங்கிவிட்டோம். அதோடு ஒரு சின்ன டிரெய்லரும் கொத்துக் கலப்பையும் வந்தன. வீட்டு வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது, என் பிடிவாதம். நாலும் நன்றாகவே நசுங்கின. சகுனத்தில் ஒரு குறையும் இல்லை.

தோட்டத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் கிடையாது. வேலைக்கு ஆள் தேடினால் எல்லாரும் மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்விட்டிருந்தார்கள். டிராக்டரில் எதை மாட்டுவதென்றாலும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டியைப் பின்னால் நகர்த்த வேண்டும், ஒருவர் பின்னால் நின்று ஓட்டைக்கு ஓட்டை சேர்த்து இரும்பு முளையைச் சொருக வேண்டும். முளையைச் சொருகுவதற்குக் கைப்பலம் வேண்டும். அதனால் அவர் பின்னால், நான் சீட்டில். லைசென்ஸ் எனக்குக் கிடையாது. தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு யார் கேட்கப் போகிறார்கள்?

முதல் வாரத்திலேயே சண்டை வந்தது. அவர் "மிதி" என்று கத்தினார். காலுக்குக் கீழே மூன்று மிதிகள் இருக்க, நான் எதை மிதிப்பது? பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி பிரேக்கோடு மல்லுக்கட்டி உறுமியது. இறங்கிப் போய், "சொல்லுததை ஒழுங்காச் சொல்லத் தெரியாதவியளுக்கு நான் வண்டி ஓட்ட மாட்டேன்" என்று அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். பின்னாலேயே வந்தார். பட்டாளத்தில் ஒரு வேலைக்கு ஒரு சொல்தான், இனி நாமும் அப்படி வைத்துக்கொள்வோம் என்றார். அதன்படி இரண்டு சொல் முடிவானது. "பிடி" என்றால் கிளட்சை மிதித்துப் பிடி, வண்டி நிற்கும். "விடு" என்றால் காலை விடு, வண்டி வரும். வேறு எதையும் சொல்வதில்லை. விடு, பிடி, விடு, பிடி என்று ஒவ்வொரு சாணாக நகர்த்தி, கால் மணி நேரத்தில் மாட்டப் பழகிவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. வீட்டில் எந்தச் சண்டையையும் அவர் முடிப்பது அதே சொல்லால்தான். நான் பேசிக்கொண்டே போவேன், அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில், "விடுட்டி" என்பார். மற்ற ஊரில் டி என்பதை எங்கள் பக்கம் ட்டி என்போம்; போகட்டும், இதோடு நிறுத்து என்று அர்த்தம். கோபமாகச் சொல்ல மாட்டார், அலுப்பாகச் சொல்வார். அந்த அலுப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். "தோட்டத்துல விடுன்னா கெளம்பணும், வீட்டுல விடுன்னா நிக்கணும். நான் எதைன்னு கேக்க?" என்று ஒரு நாள் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். தங்கச்சி வீட்டுக்குப் போனபோது நானே அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் போனது. முதுகு வலி போய்விட்டது. தென்னையில் ஓலை கரும்பச்சையாகி, குலை தள்ளியது. கோடையில் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து, வீட்டு வாசலிலேயே இறக்கினோம். கண்மாய்க் கரையில் குடத்தோடு நடக்கிற பெண்கள் என்னைப் பார்த்து, "ஒனக்கென்னக்கா, மகராசி" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த வருடம் கண்மாய் சீக்கிரமே வற்றிவிட்டது. தரையில் நல்ல கரம்பை மண், தண்ணீர் கொண்டுவந்து படிய வைத்த வண்டல். தென்னைக்குப் போட்டால் ஐந்து வருடத்துக்குத் தாங்கும். மண் அள்ளிக்கொள்ள ஊரில் ஒரு வாரம் அனுமதி கொடுத்திருந்தார்கள். கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் தளவாய்புரத்தில் என் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. பதினோரு மணிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பெரியம்மா நான் இல்லாமல் எப்படி? ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து ராஜபாளையம் போய், மறுபடி ஒரு பஸ் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.

நான் விடிவதற்கு முன்பே குளித்து, கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டி, பூ வைத்து, ஏழு மணிக்கெல்லாம் வாசலில் நின்றேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு நடை. ஒரே நடை அள்ளிப் போட்டுட்டு வந்துருதேன். இன்னைக்கு விட்டா இந்த மண்ணு அடுத்து எப்பவோ" என்றார். நியாயம்தான். ஆனால் என் நியாயத்தை அவர் ஏன் நினைக்கவில்லை? இரண்டு வருடத்துக்கு முன்பு என் தங்கச்சி புருஷன் ஏதோ பேச்சில், பட்டாளத்துக்காரன் சோற்றுக்குக் கையேந்திப் பழகியவன் என்று சொல்லிவிட்டான். அதை இவர் மறக்கவில்லை. அந்த வீட்டுப் படியை மிதிக்க மனமில்லாமல்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

முதல் நாள் உழவுக்காக டிரெய்லரைக் கழற்றிப் போட்டிருந்தோம். மறுபடி மாட்ட வேண்டும். "ஏட்டி, செத்த வா. மாட்டி மட்டும் குடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டார். பட்டுச்சேலையோடு டிராக்டரில் ஏறச் சொல்கிறார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீக்கிரம் மாட்டினால் சீக்கிரம் கிளம்பலாம் என்று ஒரு நினைப்பு. அதோடு, ஏறி உட்கார்ந்தால் அவரைப் பார்த்துத் திட்டலாம் என்று இன்னொரு நினைப்பு. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். ரிவர்ஸ் கியரைப் போட்டுத் திரும்பிப் பார்த்து உட்கார்ந்தேன்.

"விடு" என்றார். விட்டேன். "பிடி" என்றார். பிடித்தேன். நடுவே என் வாயும் ஓயவில்லை. இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "உங்க அக்கா வீட்டு விசேஷம்னா மூணு நாள் முந்தியே போய்ப் பந்தக்கால் நடுவிய. எங்க வீட்டு விசேஷம்னா மண்ணு அள்ளுத நாள்தான் கெடைக்கும்." "விடு" என்றார். விட்டேன். "பிடி." பிடித்தேன். இன்னும் இரண்டு முழம் பாக்கி. டிரெய்லரின் மூக்கு மண்ணில் அழுந்திக் கிடந்தது. வெளியிலிருந்து தூக்கிப் பார்த்தார், வரவில்லை. இரண்டு வண்டிக்கும் நடுவே நுழைந்து, டிரெய்லர் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து, குனிந்து தூக்கினார். அப்போதும் வரவில்லை. நான் கிளட்சை மிதித்தபடி பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியாக நான் சொன்னது இது: "எந்தங்கச்சி வாசல்ல நின்னு வழியப் பாத்துக்கிட்டு இருப்பா. நீங்கள்லாம் ஒரு மனுசந்தானா?"

அவர் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. அந்த அலுப்புத்தான் இருந்தது. "விடுட்டி" என்றார்.

என் கால் கிளட்சை விட்டது.

வெடுக்கென்று பிடிக்கிற கிளட்ச். வண்டி ஒரே பாய்ச்சலாகப் பின்னால் போனது. டிரெய்லர் சக்கரத்துக்கு அவரே கல் வைத்திருந்தார், அதனால் அது நகரவில்லை. டிராக்டரின் பின்பக்க இரும்புக்கும் பெட்டிப் பலகைக்கும் நடுவில் அவர் இடுப்பு. அவர் கத்தவில்லை. காற்று வெளியேறுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. நான் உடனே கிளட்சை மிதித்தேன். முன் கியரில் போட்டேன். மெதுவாக, துள்ளாமல், நாலு முழம் முன்னே நகர்த்தி நிறுத்தினேன். அத்தனை பதனமாக அந்த வண்டியை நான் அதற்கு முன் எடுத்ததே இல்லை. கால் நடுங்கவில்லை. இறங்கி ஓடினேன்.

என் சத்தம் கேட்டுக் கிழக்குத் தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். அப்போது நான் மண்ணில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே என் வீட்டுக்காரர் சொன்னார். "வண்டி... தானா உருண்டு வந்துருச்சு." வலியில் புத்தி தடுமாறிப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

தேங்காய் ஏற்ற வந்த வேனில் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து அன்றைக்கே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது, உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. ஐந்து நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். தகவல் போய் அவருடைய அக்கா வந்துவிட்டார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். என்னை ஒரு நாளும் அவருக்குப் பிடித்ததில்லை, என் வாய்தான் காரணம். ஆனாலும் அத்தனை நாளும் வார்டு வராந்தாவில் ஒரே பாயில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். ஆளை நசுக்கிய வண்டி என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னிடம் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று நின்றுகொண்டிருந்தேன். கட்டிய பட்டுச்சேலைதான், முந்தின நாளிலிருந்து மாற்றவில்லை.

"சீட்டுல யாருய்யா இருந்தா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார். இஞ்சின ஓட விட்டுட்டு நாந்தான் எறங்கிப் பின்னால போனேன். கியர் தட்டிக்கிட்டு உருண்டு வந்துருச்சு."

"அம்மா எங்க இருந்தாங்க?"

"அவ உள்ள. விசேஷத்துக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தா."

போலீஸ்காரர் திரும்பி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். வாடிய பூ, பட்டுச்சேலை, கையில் வளையல். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பட்டுக் கட்டியவள் டிராக்டரில் ஏறுவாளா? எழுதி முடித்து, என் வீட்டுக்காரர் விரலில் மை தடவி உருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேனா பிடித்துப் பதினேழு வருடம் கணக்கெழுதிய கை அது. அன்றைக்குப் பேனாவைப் பிடிக்க அதனால் முடியவில்லை.

எனக்கு லைசென்ஸ் கிடையாது, அதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். என் மேல் கேஸ் வந்தால் வெளியில் ஓடுவதற்கு ஆள் யார்? ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளையைப் பார்ப்பது யார்? யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார், ஸ்டோர்க்காரர் மூளை என்று அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலாவது நாள் மதினி குளிக்கப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்திருந்தார். குனிந்து அவர் காதருகில், "நீங்க விடுன்னு சொன்னிய. அதான் நான்..." என்று ஆரம்பித்தேன். "நீ சீட்டுலயே இல்ல" என்றார். "இங்க யாரும் இல்ல, நாம ரெண்டு பேருதான். நான் சொல்லுததைக் கேளுங்க" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலியால் திருப்பினார் என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

பத்தாவது நாள் காலையில் போய்விட்டார். சிறுநீர் இறங்காமல் உடம்பு வீங்கி, கடைசி நாளில் முகம் அடையாளமே தெரியவில்லை. மகளை வரவழைத்தோம். அவள் அப்பா விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஏன்மா தனியா வண்டிய மாட்டப் போனாங்க? நீ இருந்தேல்லா?" என்று கேட்டாள். "நான் உள்ள இருந்தேம்மா" என்றேன். அந்தப் பொய்யை அன்றைக்குத்தான் நான் முதல் முறையாக என் வாயால் சொன்னேன். அதன் பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை. சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகிவிட்டது.

ஆளைத் தின்ற வண்டி வீட்டில் நிற்கக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். எட்டு மாதம் அது தென்னைக்கு நடுவே மழையில் நின்றது. கான்சாபுரத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் எப்படிம்மா, வெடுக்குன்னு பிடிக்குமோ?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அதில் ஏறினதே இல்லையே. "தெரியாதுய்யா, ஓட்டிப் பாத்துக்கிடுங்க" என்றேன். சொல்லிவிட்டுப் பயந்தேன். அவர் மகனோ பெண்டாட்டியோ பின்னால் நின்றால்? ஓடிப் போய், "கால மெதுவா எடுக்கச் சொல்லுங்க" என்றேன். "அப்படின்னு அவிய சொல்லுவாவ" என்று சேர்த்துக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் இறப்பதற்கு மூன்று நாளுக்கு முன்பு நடந்தது. பிற்பகல். நான் கீழே டீக்கடையில் வெந்நீர் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே மதினியின் குரல் கேட்டது.

"ஏலே, எங்கிட்டயாவது உள்ளதைச் சொல்லு. ஒத்தையில நீ அந்த வண்டிய மாட்ட மாட்டே, எனக்குத் தெரியும். சீட்டுல அவதான இருந்தா?"

"இல்லக்கா."

"சண்ட கிண்ட போட்டியளா?"

"இல்லக்கா. அவ உள்ள சேல கட்டிக்கிட்டு இருந்தா."

"சத்தியமாச் சொல்லு."

அதையும் சொன்னார். "எம் பிள்ள மேல சத்தியமா."

விளையாட்டுக்குக்கூடப் பிள்ளை பெயரைச் சொல்லிச் சத்தியம் பண்ணாத மனுஷன். ஒரு தடவை நான் பண்ணியதற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவர். பிளாஸ்க்கோடு அப்படியே நின்றேன். போலீஸ்காரரிடம் சொன்னது லைசென்சுக்காக. சரி. அக்காவுக்கு எதற்கு லைசென்ஸ்? கை தவறிப்போச்சுக்கா, நான் ஒன்று சொன்னேன், அவள் வேறு ஒன்று புரிந்துகொண்டாள் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே. மதினி அழுதிருப்பார், என்னை நாலு திட்டுத் திட்டியிருப்பார், அவ்வளவுதான். தவறுதலாக நடந்ததை யாரும் பிள்ளை தலையில் அடித்து மறைக்க மாட்டார்கள். அப்படி மறைப்பது குற்றத்தைத்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வேண்டுமென்றே காலை எடுத்தேன் என்றுதான் அவர் நினைக்கிறார். இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் கிடந்த அந்த நிமிஷத்திலேயே அப்படி நினைத்துவிட்டார். நினைத்துக்கொண்டேதான் கிழக்குத் தோட்டத்துக்காரரிடம் வண்டி தானா வந்தது என்றார்.

உள்ளே போய், இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மூன்று நாள் அவருக்கு நினைவு இருந்தது. நான் சொல்லவில்லை. வேலை நேரத்தில் அவர் "விடு" என்று மட்டும்தான் சொல்வார், ஒரு நாளும் "ட்டி" சேர்த்ததில்லை. அந்தக் காலையில் சேர்த்துச் சொன்னார். இஞ்சின் சத்தத்தையும் தாண்டி அது எனக்குக் கேட்டது. கேட்ட பிறகுதான் கால் விட்டது. பழக்கத்தில் விட்டதா, கோபத்தில் விட்டதா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றை இல்லை என்று சாகப் போகிறவரிடம் எப்படிச் சொல்வேன்? தெரியாது என்று சொன்னால், அவர் பிள்ளை மேல் பண்ணிய சத்தியத்துக்கு என்ன மரியாதை? அவர் என்னை மன்னித்துவிட்டுத்தான் போனார். செய்தேனா என்றே தெரியாத ஒன்றுக்கு.